உறையின் பின்பக்கம் ஒரு வரி

அத்தியாயம் 14

போன வாரம் பொடிசை ஒரு கையில் கரண்டியும் இன்னொரு கையில் தொலைபேசியுமாக நிறுத்திவிட்டு வந்தோம். பாவம், ஏழு நாளாக அப்படியே நிற்கிறாள். முதலில் அவளை நகர்த்துவோம்.

முப்பத்தைந்து வயதாகியும் அண்ணன் வாயில் அவள் இன்னும் பொடிசுதான். பிஸ்கட் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள், தொழிற்சாலையை மூடியதும் வீட்டின் பின்னறையில் சாக்லேட் செய்ய ஆரம்பித்தாள். தெருவே அவளைச் சாக்லேட்காரி என்கிறது.

தொலைபேசியில் பேசியது பஸ் டிப்போவின் மருத்துவ அறை.

"உங்க அண்ணனுக்கு இன்னிக்கு வருஷாந்திர செக்கப். பிரஷர் ரொம்ப எகிறியிருக்கு. வண்டியை எடுக்க விடல. வீட்லேருந்து யாராவது உடனே வாங்க."

பொடிசுக்கு முன்னால் பளிங்குப் பலகையில் உருகிய சாக்லேட் பளபளத்துக்கொண்டிருந்தது. வெப்பமானி முப்பத்தொன்று காட்டியது. ஒரு தடவை நன்றாகச் சூடாக்கி, பலகையில் பரப்பி ஆறவைத்து, மறுபடி இளஞ்சூட்டுக்குக் கொண்டுவந்து பிடிக்கிற பதம் அது. அடுத்த சில நிமிடங்களில் அச்சில் ஊற்றியாக வேண்டும். சாயங்காலம் நான்கு மணிக்கு நூலகத்தில் 'சாக்லேட்டின் கதை' என்று அவள் பேச வேண்டும். வருகிறவர்களுக்குக் கொடுக்க அறுபது சாக்லேட் பார்கள். அதில் நாலு, வாராவாரம் தவறாமல் வாங்கும் சைக்கிள் கடைக்காரம்மாவுக்கு.

பொடிசு எதையும் ஊற்றவில்லை. கரண்டியைப் போட்டாள், சமையல் மேலங்கியைக் கழற்றினாள், செருப்பைத் தேடினாள். மூலையில் அடுத்த தவணைக்கான கோக்கோ, கல் கிரைண்டரில் நேற்றிலிருந்து அரைபட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நாள் விடாமல் ஓடினால்தான் நாக்கில் மணல் தட்டாது. அதை மட்டும் ஓட விட்டுவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

அவளுக்கு அண்ணன் என்றால் சும்மா அண்ணன் இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, இருபத்திரண்டு வருடமாக ஒரே ஸ்டியரிங்கைப் பிடித்து அவளை ஆளாக்கியவன். பின்னறையின் மேசை அவன் அடித்தது. வறுத்து நொறுக்கிய கோக்கோ விதையின் தோலைப் பறக்கடிக்கும் பெட்டிகூட, பழைய பஸ்ஸின் மின்விசிறியைக் கழற்றிவந்து அவன் செய்ததுதான். அதைப் போட்டால் அரை டிப்போவின் சத்தம் வரும்.

டிப்போ வாசலில் அண்ணி முன்னாடியே வந்து நின்றிருந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். நாத்தனாரைப் பார்க்கும்போதெல்லாம், "நீ செய், நாங்க பிடுங்கறோம், ரெண்டு பேருக்கும் பிழைப்பு ஓடும்" என்று சொல்லிச் சிரிக்கிறவள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"தினமும் காலையில என் கையாலதான் மாத்திரை குடுக்கறேன் பொடிசு. அப்புறம் எப்படி எகிறும்?"

"உள்ள போய்ப் பார்க்கலாம் அண்ணி."

உள்ளே எகிறியவர் என்னவோ ஜோராகத்தான் இருந்தார். சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே நர்ஸுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"அந்தக் காலத்துல இதைக் கடிச்சுத் தின்ன மாட்டாங்க சிஸ்டர். குடிப்பாங்க. கசப்பா, நுரையா, மிளகாயெல்லாம் போட்டு. கோக்கோ விதையைக் காசாவே வெச்சிருந்தாங்க. கடல் தாண்டி வந்தப்புறம்தான் சர்க்கரை சேர்ந்துச்சு. அப்போல்லாம் மருந்துக் கடையில வித்தாங்க தெரியுமா? எல்லாம் என் தங்கச்சி சொன்னது. இதோ, அவளே வந்துட்டா!"

நர்ஸ் பொடிசைப் பார்த்த பார்வை அவ்வளவு சரியாக இல்லை.

மருத்துவர் வந்தார். கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொள்ளும் பழக்கமுள்ள அம்மா. சுற்றி வளைக்கவில்லை.

"மேல நூத்தித் தொண்ணூத்தாறு. கீழ நூத்திப் பதினாறு. மூணு தடவை பார்த்தாச்சு. ஈசிஜி நல்லாயிருக்கு, கண்ணும் நல்லாயிருக்கு. அதுக்கு நீங்க எல்லாரும் கும்பிடு போடணும். சார், மாத்திரை எத்தனை நாளா எடுக்கல?"

"எடுக்கறாரே டாக்டர்" என்றாள் அண்ணி.

அண்ணன் மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை வெகு அக்கறையாகப் பார்த்தான்.

"என்னங்க?"

"பத்தொன்பது நாளா" என்றான் அண்ணன்.

அண்ணிக்கு அப்போதுதான் எல்லாம் கோர்வையாக வந்தது. துவைக்கப் போடும்போது காக்கிச் சட்டைப் பையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ கரைந்து ஒட்டியிருந்ததே. சோப்பு சரியில்லை என்று சோப்பை மாற்றினாளே.

"நான் கையில வெச்சுட்டுத் தண்ணி எடுக்கத் திரும்பறதுக்குள்ள பையில போட்டுக்கிட்டீங்களா? உங்களை நம்பி ரெண்டு சோப்புக் கம்பெனியைத் திட்டினேனே!"

"அந்த மாத்திரை போட்டா அரை மணிக்கு ஒரு தடவை போகணும் போல வருது. என் ரூட்டு ரெண்டரை மணி நேரம். நடுவுல நிறுத்த இடம் கிடையாது. நாப்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது எங்க நிறுத்தறது? தொடையை இறுக்கிக்கிட்டு கியர் மாத்தறவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும்."

மருத்துவர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார். "இதை என்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே வேற மாத்திரை எழுதியிருப்பேனே. எத்தனையோ வகை இருக்கு. சொல்லாமலே நிறுத்திட்டீங்களா?"

"சும்மா நிறுத்தல டாக்டர். பதிலுக்கு இது எடுத்துக்கறேன்." அண்ணன் பையிலிருந்து ஒரு சாக்லேட் உறையை எடுத்து, மடிப்பு நீவி, மேசைமேல் வைத்தான். "காலையில ரெண்டு துண்டு, சாயந்தரம் ரெண்டு துண்டு. கசப்புச் சாக்லேட்டுதான், நோட் பண்ணிக்குங்க."

மருத்துவர் உறையைத் திருப்பினார். பின்பக்கம் இருந்ததைச் சத்தமாகவே படித்தார்.

"'ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். இதயத்தின் காவலன்.' யார் எழுதினது?"

அறையில் எல்லாரும் பொடிசைப் பார்த்தார்கள். அண்ணன் பார்வையில் மட்டும் பெருமை இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது.

"நான்தான்" என்றாள்.

அவள் பொய் எழுதவில்லை. ஒரு ஆய்வைப் படித்திருந்தாள். கோக்கோவில் இருக்கும் சில பொருள்கள் ரத்தக் குழாய்களைக் கொஞ்சம் தளர்த்துகின்றன, அழுத்தம் சிலருக்குச் சற்றே குறையக்கூடும் என்று அதில் இருந்தது. முதலில் அப்படியே எழுதினாள். உறையில் இடம் பற்றவில்லை. அச்சகத்துக்காரர் சுருக்கச் சொன்னார். 'சிலருக்கு' போயிற்று, 'சற்றே' போயிற்று. பார்க்க அழகாக இருந்தது. காவலனை மட்டும் அவளே ஆசையாகச் சேர்த்துக்கொண்டாள்.

"குறையறது ரெண்டு புள்ளி, மூணு புள்ளி" என்றார் மருத்துவர். "நூத்தித் தொண்ணூத்தாறு வர்றவருக்கு அது எந்த மூலைக்கு? அதுவும் ஆய்வுல குடுக்கிற அளவும், நாம சாக்லேட் பார்ல சாப்பிடற அளவும் ஒண்ணு இல்ல. பார்ல சர்க்கரையும் கொழுப்பும் கூடவே வருது. ஆசைக்கு ஒரு துண்டு சாப்பிடலாம், நானும் சாப்பிடுவேன். மருந்துக்குப் பதிலா சாப்பிட முடியாதும்மா."

"தெரியும் டாக்டர்." பொடிசு உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "தெரிஞ்சுதான் எழுதினேன்."

"அவ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றான் அண்ணன். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னான்.

மருத்துவர் புதிய மாத்திரை ஒன்றைக் கொடுத்து அங்கேயே விழுங்க வைத்தார். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். அண்ணியும் எட்டிப் பார்த்தாள், பல் மருத்துவமனைப் பழக்கம். மதியம்வரை படுக்க வைத்து, நூற்று அறுபத்தைந்துக்கு இறங்கிய பிறகுதான் விட்டார்.

"பத்து நாள் மாத்திரை, ஓய்வு. அப்புறம் மறுபடி செக்கப். அதுலயும் தேறலைன்னா ஸ்டியரிங் கிடையாது. டிக்கெட் கவுன்ட்டர்தான், ரிட்டயர் ஆகற வரைக்கும். விதி அப்படி, என் கையில இல்ல. அதுவரைக்கும் பஸ்ஸு மட்டுமில்ல, சொந்தக் காரையும் தொடக் கூடாது. தலைவலி, கண் இருட்டறது, நெஞ்சுல ஏதாவதுன்னா உடனே ஆஸ்பத்திரி."

காக்கிச் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்த அண்ணனின் முகத்தில், அன்றைக்கு முதல் தடவையாக விளையாட்டு இல்லை. ஸ்டியரிங் இல்லாத அண்ணனைப் பொடிசு கற்பனை செய்து பார்த்தாள். முடியவில்லை.

வாடகைக் காரில் வீட்டுக்கு வந்தார்கள். அவனுடைய பழைய நீலக் கார் வாசலில்தான் நின்றது. இன்று காலை நடந்தே டிப்போவுக்குப் போயிருந்தான். அந்தக் காரை இதுவரை அவனைத் தவிர யாரும் ஓட்டியதில்லை. பொடிசுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததுகூட நண்பன் வண்டியில்.

பின்னறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பளிங்குப் பலகையில் சாக்லேட் இறுகி, மேலெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது.

"ஐயையோ, பூஞ்சையா?" என்றாள் அண்ணி.

"இல்ல அண்ணி. பதம் தவறினா உள்ள இருக்கிற கொழுப்பு மேல வந்து படியும். கெட்டுப் போகல. மறுபடி உருக்கிப் பதம் பிடிச்சா பழையபடி ஆயிடும்."

"அப்ப உருக்கு. மணி ரெண்டுதானே?"

பொடிசு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் போகல அண்ணி. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது? வர முடியாதுன்னு நூலகத்துக்குப் போன் பண்ணிடறேன்."

அண்ணி தண்ணீர்க் குவளையை அவள் கையில் கொடுத்தாள். பொடிசு குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது நாள். ஒரு நாளைக்கு நாலு நடை. ஒவ்வொரு நடையிலும் நாற்பது பேர். எந்த வளைவிலும் எதுவும் நடக்கவில்லை. அவள் அண்ணனின் தலைக்குள் இருக்கும் மெல்லிய குழாய்கள், அவளுடைய முட்டாள்தனத்தை இத்தனை நாள் பொறுத்துக்கொண்டிருந்திருக்கின்றன. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் அவளுக்கு அழுகை வந்தது.

வாசற்படியில் அண்ணன் வந்து நின்றான். "படுத்துக்கச் சொன்னாங்க, படுத்தா தூக்கம் வரல. எதுக்கு அழறே? பிரஷர் எனக்குத்தானே?"

"நீ இருக்கியே அண்ணா, அது போதும். வேற எதுவும் வேண்டாம் எனக்கு."

"நானும் அதையேதான் நினைச்சுக்கிட்டு வந்தேன். நாப்பது பேரை ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன் பாரு" என்றவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "எல்லாரையும் இறக்கி விட்டுட்டேன். பத்திரமா இறக்கி விட்டுட்டேன்."



பொடிசு மூக்கைத் துடைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தாள். அறுபது உறைகள் அடுக்கி வைத்திருந்தாள். அறுபது காவலன்கள். அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. இவை இங்கே இருக்கின்றன. இதுவரை வெளியே போன முந்நூறு எங்கே இருக்கின்றன? யார் வீட்டில், யார் சட்டைப் பையில்?

எழுந்தாள். "அண்ணி, கறுப்பு மார்க்கர் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"நான் போறேன். வாங்கறவங்க முக்காவாசிப் பேர் இன்னிக்கு அங்கதான் வருவாங்க."

சாக்லேட்டைச் சுரண்டிப் பாத்திரத்தில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்தாள். ஆவி ஒரு சொட்டு உள்ளே விழாமல் ஓரத்தைத் துணியால் சுற்றினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், மொத்தமும் மண் மாதிரி திரண்டுவிடும். அவள் உருக்கிக் கிளறி ஊற்ற, அண்ணி உறைகளை எடுத்து அந்த வரியின் மேல் கோடு போட்டாள்.

"எனக்கும் ஒரு பேனா குடு" என்றான் அண்ணன்.

"நீங்க படுங்க."

"கோடு போட்டா பிரஷர் ஏறாதுடி. அந்த வரியை அதிகமா நம்பினவன் நான்தானே, நான் போடறேன்."

ஊற்றி முடித்த பொடிசும் சேர்ந்துகொள்ள, மூன்று மணிக்கு மூவர் விரலும் கறுப்பாக இருந்தது. அண்ணன் போட்ட கோடுதான் இருப்பதிலேயே நேராக இருந்தது.

நீலக் காரை வாசலிலேயே விட்டுவிடலாம் என்றாள் பொடிசு. அறுபது பாரையும் வெயிலில் தூக்கிப் போனால் உருகிவிடும் என்றாள் அண்ணி. கடைசியில் டிப்போ நண்பர் ஒருவர் வந்து ஓட்டினார். நூலக வாசலில் நிறுத்திவிட்டு, சாவியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வழி முழுக்க அண்ணன் பின்னிருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அடுத்தவன் தன் கியரைப் போடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லையாம்.

நூலகத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். சைக்கிள் கடைக்காரம்மா மூன்றாவது வரிசையில், எண்ணெய்க் கறை போகாத விரல்களை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொடிசைப் பார்த்துக் கையசைத்தார்.

பொடிசு பேசினாள். கோக்கோ மரத்தின் தண்டிலேயே காய் காய்ப்பதை, கசப்புப் பானமாக இருந்ததை, விதையைப் பிழிந்து கொழுப்பைத் தனியே எடுக்க ஒரு எந்திரம் வந்த பிறகுதான் கடித்துத் தின்கிற சாக்லேட் பிறந்ததை, பால் சேர்ந்ததை எல்லாம் சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். மருந்துக் கடைகள் வரும் இடம் வந்ததும் நிறுத்தினாள்.

"அந்தக் காலத்துல இதை மருந்துன்னு வித்தாங்க. சளிக்கு, வயித்துக்கு, சோகத்துக்கு, எல்லாத்துக்கும். பாவம், அவங்களுக்கு வேற தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நானும் அப்படித்தான் வித்தேன்."

கோடு போட்ட உறையை உயர்த்திக் காட்டினாள்.

"இந்தக் கோட்டுக்கு அடியில, ரத்த அழுத்தத்தைக் குறைக்கும்னு எழுதியிருந்தேன். நம்பி ஒருத்தர் மாத்திரையை நிறுத்திட்டார். அவர் என் அண்ணன். இதோ, உட்கார்ந்திருக்கார். இன்னிக்குக் காலையில கண்டுபிடிச்சாங்க. எதுவும் ஆகல. உங்க வீட்டுல பழைய உறை இருந்தா தயவுசெஞ்சு கிழிச்சுப் போடுங்க. சாக்லேட் சாப்பிடுங்க, நல்லாயிருக்குன்னு சாப்பிடுங்க. மாத்திரையை டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க. என்னை மன்னிச்சுடுங்க."

யாரும் கை தட்டவில்லை. அது கை தட்டுகிற விஷயமும் இல்லை. அண்ணன் மட்டும் எழுந்து, கூட்டத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு உட்கார்ந்தான், அந்த ஆள் நான்தான் என்கிற மாதிரி. முன்வரிசையில் ஒருவர் லேசாகச் சிரித்தார். அறை மூச்சு விட்டது.

சைக்கிள் கடைக்காரம்மா சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். கைப்பையைத் துழாவினார்.

"வாராவாரம் நாலு வாங்கறேனே, அது எனக்கில்ல" என்றார். "எங்க வீட்டுக்காரருக்கு. மாத்திரை தீர்ந்து ஒரு மாசம் ஆச்சு. இதுவே போதும், எதுக்கு மாத்திரைன்னார். நானும் சரின்னுட்டேன்."

பேசிக்கொண்டே தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்திவிட்டார். மணி அடிப்பது பொடிசுக்கே கேட்டது. நாலு, ஐந்து, ஆறு. பொடிசு மேடையிலிருந்து இறங்கி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பதாவது மணியில் யாரோ எடுத்தார்கள்.

"என்னம்மா?" தூக்கக் கலக்கமான குரல். "காலையிலேருந்து ஒரே தலைவலி. கடையைச் சாத்திட்டு வந்து படுத்திருக்கேன். கண்ணு வேற மங்கலா இருக்கு."

"படுத்தே இருங்க. எந்திரிக்காதீங்க. நான் வரேன்."

அண்ணி அதற்குள் டிப்போ மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து, ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டாள். வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். "வீடு எங்கம்மா?"

"ரெண்டு தெரு தள்ளி."

"அப்ப காத்திருக்க வேண்டாம். கண்ணு மங்கலா இருக்குன்னா நீங்களே உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துடுங்கன்னு டாக்டர் சொல்றாங்க."

அண்ணன் ஏற்கெனவே வாசலில் இருந்தான். பழக்கதோஷத்தில் காரின் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தவன், அப்படியே நின்றான். காலை வெளியே எடுத்தான். உள்ளங்கையில் இருந்த சாவியை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு பொடிசின் கறுத்த விரல்களைப் பிரித்து, அதில் சாவியை வைத்து மூடினான்.

"அண்ணா, உன் வண்டியை நானா?"

"உன்னைத் தவிர யாரை நம்பறது எனக்கு?"

காலையில் அத்தனையும் நடந்த பிறகும் அதைச் சொன்னான். சுற்றி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். அந்த வண்டியில் அந்த இருக்கை எப்படி இருக்கும் என்றே அவனுக்கு இதுவரை தெரியாது. பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தேடினான்.

பின்னால் சைக்கிள் கடைக்காரம்மா, அண்ணியின் கையைப் பிடித்தபடி, பொடிசிடம், "நீங்க இன்னிக்கு வாயைத் திறக்கலேன்னா, ராத்திரி போய்ப் பக்கத்துல இன்னும் ரெண்டு துண்டு வெச்சிருப்பேன்" என்றார். "நல்லா இருப்பீங்கம்மா."

பொடிசுக்குக் கண் மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். தெருமுனை சிக்னலில் சிவப்பு. அண்ணனின் வலது கால், இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டு காத்திருந்தது.

"பச்சை விழுந்துடுச்சு பொடிசு" என்றான். "போ."